துருவக் கடல் ஓவியங்களும் வரலாற்றுச் சான்றுகளும்

துருவக் கடல் ஓவியங்கள் என்பவை வடதுருவ, தென்துருவக் கடல்களில் நடைபெற்ற திமிங்கல வேட்டையையும் கடல்வழி ஆய்வுப் பயணங்களையும் பொருளாகக் கொண்டு வரையப்பட்ட ஓவியங்கள் ஆகும். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பயண நூல்களுக்கான படங்களாகத் தொடங்கிய இம்மரபு 19ஆம் நூற்றாண்டில் உச்சம் அடைந்தது. இவற்றை வரைந்தவர்களில் பலர் அக்கடல்களை நேரில் கண்டதில்லை. கப்பல் பதிவேடுகள், பயண நூல்கள், பிறர் தீட்டிய சித்திரங்கள், ஒளிப்படங்கள், வாய்மொழிச் செய்திகள் ஆகியவற்றை நம்பியே அவர்கள் வரைந்தனர். எந்தச் சான்றை ஏற்றார்கள், எதை ஒதுக்கினார்கள் என்பதைப் பொறுத்தே அந்த ஓவியங்களின் உண்மைத்தன்மை அமைந்தது. இந்தப் பொருளில் ஓவியத் திட்டம் ஒன்றை மேற்கொள்ளும் மாணவருக்கும் இதுவே முதல் பாடமாகும்.

வேட்டையும் ஆய்வும்

திமிங்கல வேட்டை வரலாறு, துருவப் பயண வரலாறு என்று இரண்டு தனி நூல்கள் எழுதப்படுவது வழக்கம். உண்மையில் இரண்டும் ஒரே கடலில், பல நேரங்களில் ஒரே கப்பலில் நடந்தவை.

1596இல் வில்லெம் பாரன்ட்ஸ் என்ற டச்சு மாலுமி உடன் சென்ற பயணத்தில் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகள் ஐரோப்பியர் கண்ணில் பட்டன. அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் அங்கே திமிங்கல வேட்டையைத் தொடங்கிவிட்டனர். திமிங்கலத்தின் தோலுக்கடியில் உள்ள தடித்த கொழுப்பை உருக்கி எடுத்த எண்ணெய் விளக்கெரிக்கவும் சோப்பு செய்யவும் பயன்பட்டது. சில வகைத் திமிங்கலங்களுக்குப் பற்கள் இல்லை. அவற்றின் வாயில் சீப்புப் போலத் தொங்கும் வளையும் தகடுகள் பெண்களின் இறுக்கமான உள்ளாடைகளுக்கும் குடைக்கம்பிகளுக்கும் உதவின. இந்த இரண்டு பொருள்களுக்காகவே ஆயிரக்கணக்கானோர் ஆண்டுதோறும் பனிக்கடலுக்குச் சென்றனர்.

இதனால் பனியைப் பற்றிய நடைமுறை அறிவு வேட்டைக்காரர்களிடமே மிகுதியாக இருந்தது. இங்கிலாந்தின் விட்பி நகரைச் சேர்ந்த வில்லியம் ஸ்கோர்ஸ்பி (1789–1857) இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தந்தையைப் போலவே இவரும் திமிங்கல வேட்டைக் கப்பலின் தலைவர். வேட்டைக்கு இடையே கடல்நீரின் வெப்பத்தை அளந்தார். பனித்துகள்களின் வடிவங்களைப் பார்த்து வரைந்தார். 1817இல் கிரீன்லாந்துக் கடலில் பனி வழக்கத்தைவிடக் குறைந்திருப்பதைக் கண்டு, அதை இங்கிலாந்தின் அறிவியல் பெருமகனாகிய ஜோசப் பேங்க்சுக்குத் தெரிவித்தார். அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் கடற்படை வடதுருவத்துக்குப் பயணக் குழுக்களை அனுப்பியது. கடற்படை அதிகாரி அல்லாத ஸ்கோர்ஸ்பிக்குத் தலைமைப் பொறுப்பு கிடைக்கவில்லை. அவர் 1820இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட ஆர்க்டிக் பகுதிகள் பற்றிய நூல், பின்வந்த ஆய்வாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் கைநூலாயிற்று.

ஆய்வாளர்கள் ஆபத்தில் சிக்கியபோது காப்பாற்றியவர்களும் பெரும்பாலும் வேட்டைக்காரர்களே. 1829இல் புறப்பட்ட ஜான் ராஸ் நான்கு குளிர்காலங்களைப் பனியில் கழித்தபின் 1833இல் ஒரு திமிங்கல வேட்டைக் கப்பலால் மீட்கப்பட்டார். அக்கப்பலின் பெயர் இசபெல்லா. 1818இல் ராஸ் தாமே தலைமை ஏற்றுச் சென்ற கப்பல்தான் அது.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் இந்த உறவு இன்னும் தெளிவாகத் தெரியும். வங்காளத்திலிருந்து வந்த சணல் நாரை மென்மையாக்க டண்டீ ஆலைகளுக்குத் திமிங்கல எண்ணெய் தேவைப்பட்டது. அதனால் திமிங்கல வேட்டைக் கப்பல்களைக் கட்டும் தொழில் அங்கே நீண்ட காலம் நிலைத்தது. கேப்டன் ஸ்காட்டின் டிஸ்கவரி 1901இல் இங்கேதான் கட்டப்பட்டது. அவருடைய கடைசிப் பயணத்துக்கு உதவிய டெரா நோவா, 1884இல் இதே நகரில் வேட்டைக்காகக் கட்டப்பட்ட கப்பலாகும்.

இரு கண்கள், இரு சித்திரங்கள்

1818ஆம் ஆண்டின் ராஸ் பயணம், சான்றுகளை எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பதைக் கற்பிக்கிறது.

அப்பயணத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சென்றவர் ஜான் சக்கியூஸ் என்ற இனுயிட் இளைஞர். கிரீன்லாந்தில் பிறந்த இவர் 1816இல் ஒரு திமிங்கல வேட்டைக் கப்பலில் ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார். எடின்பரோவில் அலெக்சாண்டர் நாஸ்மித் என்ற ஓவியர் இவருக்கு ஓவியப் பயிற்சி அளித்தார். வடமேற்குக் கிரீன்லாந்தில் வாழ்ந்த இனுகுயிட் மக்களை ராஸ் குழுவினர் முதன்முதலாகச் சந்தித்தபோது இரு தரப்புக்கும் நடுவே நின்று பேசியவர் சக்கியூஸ்தான். அந்தச் சந்திப்பை அவரே படமாக வரைந்தார். கடற்படை உடையில் அதிகாரிகள், நாய்ப்பனிவண்டிகளுடன் உள்ளூர் மக்கள், பின்னணியில் பனியும் கப்பல்களும் அதில் உள்ளன. 1819இல் வெளிவந்த ராஸின் நூலில் அப்படம் இடம்பெற்றது. அதே ஆண்டில் சக்கியூஸ் எடின்பரோவில் நோயுற்று இறந்தார்.

அதே பயணத்தில், லாங்காஸ்டர் நீர்வழியை மலைத்தொடர் ஒன்று அடைத்துக்கொண்டிருப்பதாக ராஸ் கண்டார். அதற்குக் குரோக்கர் மலைகள் என்று பெயரிட்டு வரைபடத்திலும் குறித்துவிட்டுத் திரும்பினார். அப்படி ஒரு மலையே இல்லை. துருவக் காற்றில் ஒளி வளைவதால் தோன்றும் கானல் காட்சி அவரை ஏமாற்றியிருந்தது. 1819இல் வில்லியம் பாரி அந்த ‘மலைகள்’ இருந்த இடத்தின் வழியாகவே தம் கப்பல்களைச் செலுத்திச் சென்றார்.

நேரில் பார்த்தவர் சொல்வது எல்லாமே உண்மையாகிவிடாது என்பதற்கு ராஸின் மலைகள் சான்று. சக்கியூஸின் படமோ மிக அருகில் நின்று, இரு தரப்பாரின் மொழியும் அறிந்து, தாமே பங்கேற்ற ஒன்றை வரைந்தது. ஒரு சான்றை எடுக்கும்போது அதைத் தந்தவர் எங்கே நின்றார், எவ்வளவு தொலைவில் நின்றார், யாருடைய பேச்சு அவருக்குப் புரிந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பதிவேட்டின் பக்கங்கள்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகத் திமிங்கல வேட்டையின் தலைநகரம் எனக் கருதப்பட்டது அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்ட். அங்கிருந்து புறப்பட்ட கப்பல்கள் மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்தே திரும்பின. ஒவ்வொரு கப்பலிலும் நாள்தோறும் பதிவேடு எழுதப்பட்டது. காற்றின் திசை, கப்பல் இருந்த இடம், கண்ட திமிங்கலங்கள், பிடித்தவை, இழந்தவை ஆகியன அதில் குறிக்கப்பட்டன.

இப்பதிவேடுகளின் ஓரங்களில் திமிங்கல உருவம் செதுக்கிய மர முத்திரைகள் பதிக்கப்பட்டிருக்கும். முத்திரையின் நடுவில் ஒரு சிறு வெற்றிடம் விடப்பட்டிருக்கும். அத்திமிங்கலத்திலிருந்து எத்தனை பீப்பாய் எண்ணெய் கிடைத்தது என்பதை அவ்விடத்தில் எழுதுவார்கள். தப்பிச் சென்ற திமிங்கலத்துக்கு வால் மட்டுமே பதிக்கப்படும். பார்ப்பதற்கு அழகான இந்தச் சிறு படங்கள் உண்மையில் கணக்குக் குறிகள். உயிர் ஒன்று பீப்பாய் எண்ணிக்கையாக மாறுவதை ஒரு விரல் அளவுப் படத்தில் காணலாம்.

இக்கணக்குகள் பின்னாளில் எதிர்பாராத வகையில் பயன்பட்டன. சார்லஸ் ஹாஸ்கின்ஸ் டவுன்சென்ட் என்ற அமெரிக்க விலங்கியலாளர் 1,600க்கும் மேற்பட்ட வேட்டைப் பயணங்களின் பதிவேடுகளை ஆராய்ந்தார். 50,000க்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் எந்த இடத்தில், எந்த மாதத்தில் கொல்லப்பட்டன என்பதைப் புள்ளிகளாகக் குறித்து 1935இல் வரைபடங்களாக வெளியிட்டார். திமிங்கலங்கள் முன்பு எங்கெல்லாம் வாழ்ந்தன என்பதை அறிய இன்றும் அவை உதவுகின்றன. அக்காலக் கடற்பனியின் எல்லையையும் காற்றையும் அறியத் தட்பவெப்ப ஆய்வாளர்களும் பழைய பதிவேடுகளைப் படிக்கின்றனர்.

பதிவேட்டிலிருந்து ஓவியத்துக்கு வந்தவர் நியூ பெட்ஃபோர்டைச் சேர்ந்த பெஞ்சமின் ரசல். கடன் தொல்லைக்கு ஆளான இவர் 1841இல் குட்டுசாஃப் என்ற வேட்டைக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து 1845இல் திரும்பினார். தாம் கண்டவற்றை வைத்து, கேலப் பரிங்டன் என்ற ஓவியருடன் சேர்ந்து 1848இல் மிகப் பெரிய துணிச்சுருள் ஓவியம் ஒன்றை உருவாக்கினார். இன்று எஞ்சியிருக்கும் பகுதியின் நீளம் ஏறத்தாழ 1,275 அடி, உயரம் எட்டரை அடி. இரு உருளைகளுக்கிடையே துணியைச் சுற்றிக்கொண்டே போக, ஒருவர் அருகில் நின்று கதை சொல்வார். மக்கள் கட்டணம் செலுத்திப் பார்த்தார்கள். திரைப்படம் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டு முன்பே நகரும் படம் கண்ட அனுபவம் அது. நியூ பெட்ஃபோர்ட் திமிங்கல வேட்டை அருங்காட்சியகத்தில் இது பாதுகாக்கப்படுகிறது.

நேரில் காணாமல் வரைந்தவர்கள்

ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் பிரீட்ரிக் 1823–24இல் வரைந்த ‘பனிக்கடல்’ உலகப் புகழ் பெற்றது. கூர்மையான பனித்தட்டுகள் கோபுரம் போல ஒன்றன்மீது ஒன்று ஏறி நிற்க, ஓர் ஓரத்தில் உடைந்த கப்பலின் பின்பகுதி மட்டும் தெரியும். பிரீட்ரிக் வடதுருவத்துக்குச் சென்றவர் அல்லர். 1820–21 குளிர்காலத்தில் டிரெஸ்டன் நகரில் எல்பே ஆறு உறைந்து உடைந்தபோது அப்பனித்தட்டுகளை நேரில் பார்த்து வண்ணத்தில் படித்து வைத்திருந்தார். அந்த ஆற்றுப்பனியே ஓவியத்தில் துருவக் கடலாயிற்று. பாரியின் பயணச் செய்திகள் இவருக்குத் தூண்டுதலாக இருந்தன. ஆனால் பாரியின் அந்தப் பயணத்தில் கப்பல் எதுவும் உடையவில்லை. ஆகவே இது செய்திப்படம் அன்று. மனித முயற்சியை இயற்கை விழுங்குவதைக் காட்டும் கற்பனை. ஓவியர் இறக்கும்வரை இது விற்கப்படவே இல்லை. இன்று ஹாம்பர்க் கலைக்கூடத்தில் உள்ளது.

ஆங்கில ஓவியர் டர்னர் 1845, 1846 ஆகிய ஆண்டுகளில் நான்கு திமிங்கல வேட்டை ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். இவரும் வேட்டைக் கப்பலில் சென்றதில்லை. வேட்டைக் கப்பலில் மருத்துவராகப் பணியாற்றிய தாமஸ் பீல் 1839இல் வெளியிட்ட நூலைப் படித்தார்; கண்காட்சிப் பட்டியலில் அந்நூலைப் பார்க்கும்படி குறிப்பும் தந்தார். தாம் எதைப் படித்து வரைந்தோம் என்பதை மறைக்காமல் சொன்ன நேர்மை அது. இவருடைய ஓவியங்களை வாங்கியவர்களுள் எல்ஹானன் பிக்னெல் என்பவர் திமிங்கல எண்ணெய் வணிகர். படத்தைப் பற்றி ஆராய்வோர், அதை வாங்கக்கூடியவரின் தொழிலையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்நான்கில் ஒன்று, பனியில் சிக்கிய கப்பலில் கொழுப்பு உருக்குவதைக் காட்டுகிறது. தென் கடல்களுக்குச் சென்ற கப்பல்கள் தளத்திலேயே செங்கல் அடுப்புக் கட்டிக் கொழுப்பை உருக்கின. வடதுருவக் கடலுக்குச் சென்ற பிரிட்டிஷ் கப்பல்களோ குளிரில் கொழுப்பு கெடாது என்பதால் பொதுவாக அதைப் பீப்பாய்களில் அடைத்து ஊருக்குக் கொண்டுவந்தே உருக்கின. பீலின் நூல் தென் கடல் வேட்டையைப் பற்றியது. நூல் வழியாக வரையும்போது எந்தக் கடலுக்கு எந்த வழக்கம் என்பதைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

பிராங்க்ளின் பயணமும் ஒதுக்கப்பட்ட சாட்சியமும்

சான்றை ஒதுக்கினால் என்ன நேரும் என்பதை ஜான் பிராங்க்ளினின் பயணம் காட்டுகிறது. 1845 மே மாதம் எரிபஸ், டெரர் என்ற இரு கப்பல்கள் வடமேற்குக் கடல்வழியைத் தேடி இங்கிலாந்திலிருந்து புறப்பட்டன. ஜூலை இறுதியில் பாஃபின் விரிகுடாவில் திமிங்கல வேட்டைக்காரர்கள் அவற்றைக் கண்டனர். அதன்பின் ஐரோப்பியர் எவரும் அக்குழுவினரை உயிருடன் பார்க்கவில்லை. 129 பேரும் மாண்டனர்.

1854இல் ஜான் ரே என்ற ஸ்காட்லாந்துப் பயணி இனுயிட் மக்களிடம் விசாரித்து முதல் உறுதியான செய்தியைக் கொண்டுவந்தார். வெள்ளையர் கூட்டம் ஒன்று பட்டினியால் இறந்தது என்றும், கடைசியில் இறந்தவர்களின் உடலை உண்ணும் நிலைக்குத் தள்ளப்பட்டது என்றும் அவர்கள் கூறினர். பிராங்க்ளினுடையவை உள்ளிட்ட சில பொருள்களையும் ரே அவர்களிடமிருந்து வாங்கி வந்தார். இங்கிலாந்து கொதித்தது. எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் தம் இதழில், இனுயிட் மக்களின் சொல்லை நம்ப முடியாது என்று வாதிட்டார்; அவர்களே பயணிகளைக் கொன்றிருக்கலாம் என்றும் ஐயுற்றார். செய்தி கொண்டுவந்த ரேயும் உரிய பெருமையை இழந்தார்.

1859இல் மெக்ளின்டாக் குழுவினர் ஒரு தாளைக் கண்டெடுத்தனர். 1847 மே மாதத்தில் அதில் எழுதப்பட்ட செய்தி, எல்லோரும் நலம் என்றது. அதே தாளின் ஓரத்தில் 1848 ஏப்ரலில் சேர்க்கப்பட்ட செய்தியோ பிராங்க்ளின் இறந்துவிட்டதையும், 105 பேர் கப்பல்களைக் கைவிட்டு நடக்கத் தொடங்கியதையும் கூறியது. ஒரே தாளில் ஓராண்டு இடைவெளியில் நம்பிக்கையும் அழிவும் அருகருகே நிற்கின்றன.

1864இல் எட்வின் லாண்ட்சீர் ‘மனிதன் நினைக்கிறான், கடவுள் முடிக்கிறார்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஓர் ஓவியம் வரைந்தார். இரண்டு துருவக் கரடிகள் சிதைந்த கப்பலின் எச்சங்களைக் கிழிக்கின்றன. ஒன்றின் வாயில் எலும்பு இருக்கிறது. பார்த்தவர்களுக்கு இது பிராங்க்ளின் குழுவின் முடிவு என்பது உடனே புரிந்தது. ஆனால் ரே கொண்டுவந்த செய்திக்கு இப்படத்தில் இடமில்லை. சாட்சி சொன்ன மக்களும் இல்லை. மனிதரின் பசி இருந்த இடத்தில் விலங்கின் பசி வரையப்பட்டது. 1881 முதல் இவ்வோவியம் இலண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரிக்கு உரியது. இதைப் பார்த்தபடி தேர்வு எழுதுவோர் தோற்றுப்போவர் என்ற நம்பிக்கை பரவியதால், தேர்வுக் காலத்தில் ஓவியத்தைப் பிரிட்டிஷ் கொடியால் மூடும் வழக்கம் அங்கே உள்ளது.

20ஆம் நூற்றாண்டின் இறுதியில், கண்டெடுக்கப்பட்ட எலும்புகளில் கத்தி வெட்டுத் தடங்களை ஆய்வாளர்கள் உறுதி செய்தனர். கப்பல் ஒன்று மூழ்கிய பகுதி பற்றியும் இனுயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். 2014இல் எரிபஸ் அந்த வாய்மொழிச் செய்திகள் சுட்டிய கடற்பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. 2016இல் டெரர் கப்பலும், இனுயிட் ஒருவர் தந்த தகவலின் துணையால், டெரர் விரிகுடாவில் கிடைத்தது. எழுதப்படாத சாட்சியம் ஏறத்தாழ 160 ஆண்டுகள் காத்திருந்தது.

ஒளிப்படமும் தவறலாம்

ஓவியத்தை ஐயுறுவோர் ஒளிப்படத்தை எளிதில் நம்பிவிடுகின்றனர். ஷாக்கிள்டனின் தென்துருவப் பயணத்தில் (1914–1917) ஒளிப்படக் கலைஞராகச் சென்றவர் ஆஸ்திரேலியரான ஃபிராங்க் ஹர்லி. எண்டியூரன்ஸ் கப்பல் பனியில் நொறுங்கியபோது, நீர் புகுந்த கப்பலுக்குள் இறங்கித் தம் கண்ணாடித் தகடுகளை மீட்டார். எல்லாவற்றையும் சுமக்க முடியாததால் ஏறத்தாழ 120 தகடுகளை வைத்துக்கொண்டு, 400 அளவிலானவற்றை உடைத்துப் போட்டார். மனம் மாறிப் பின்னர் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே உடைத்தார்கள். இன்று நாம் காணும் அப்பயணம், பனியின் மீது அமர்ந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பயணமாகும்.

1916 ஏப்ரல் 24 அன்று ஷாக்கிள்டனும் ஐவரும் உதவி தேடி, எலிபென்ட் தீவிலிருந்து சிறு படகில் தெற்கு ஜார்ஜியாவை நோக்கிப் புறப்பட்டனர். 22 பேர் கரையில் நின்று வழியனுப்பினர். ஹர்லி அதைப் படம் எடுத்தார். பின்னாளில் அதே படம் திருத்தப்பட்டு, கரையில் இருந்தோர் மீட்கப்படும் காட்சியாக வெளியாயிற்று. பிரிவுக் காட்சி மீட்புக் காட்சியாக மாறிவிட்டது. கரையில் கையசைத்தவர்கள் உண்மையில் மீட்கப்பட்டது நான்கு மாதங்களுக்குப் பின்னர், ஆகஸ்ட் 30 அன்று.

இதற்கு நேர்மாறான முறையைக் கையாண்டவர் ஸ்காட்டின் குழுவில் இருந்த மருத்துவரும் ஓவியருமான எட்வர்ட் வில்சன். கடுங்குளிரில் நீர்வண்ணம் உறைந்துவிடும் என்பதால் வெளியில் பென்சிலால் விரைந்து கோடுகள் இழுத்து, ஒவ்வோர் இடத்திலும் நிறத்தின் பெயரை எழுதிக்கொள்வார். குடிலுக்குத் திரும்பியபின் அக்குறிப்புகளைக் கொண்டு வண்ணம் தீட்டுவார். கண்டதையும் நினைவையும் தனித்தனியே வைத்துக்கொண்ட முறை இது.

தென் கடலும் திமிங்கலத்தின் கணக்கும்

1892இல் டண்டீயிலிருந்து நான்கு கப்பல்கள் தென்துருவக் கடலுக்கு வேட்டைக்குச் சென்றன. அவற்றுள் பலீனா என்ற கப்பலில் வில்லியம் பர்ன் மர்டாக் என்ற ஓவியர் இருந்தார். ஓவியருக்கு வேட்டைக் கப்பலில் வேலை இல்லை என்பதால் உதவி மருத்துவர் என்ற பெயரில் சென்றார். தேடிய வகைத் திமிங்கலங்கள் கிடைக்கவில்லை. கப்பல்கள் கடல்நாய்களைக் கொன்று தோல்களோடு திரும்பின. அந்தக் கொலையையும் பனியின் அழகையும் ஒருங்கே கண்ட பர்ன் மர்டாக் 1894இல் தம் படங்களுடன் நூல் வெளியிட்டார்.

அடுத்த பத்தாண்டில் நிலைமை மாறியது. நார்வே நாட்டவரான ஸ்வென் ஃபோயின் 1870 அளவில் உருவாக்கிய வெடிதலை ஈட்டிப் பீரங்கியும் நீராவிப் படகும், முன்பு பிடிக்க முடியாத விரைவான திமிங்கலங்களையும் பிடிக்க உதவின. 1904இல் கார்ல் அன்டன் லார்சன் தெற்கு ஜார்ஜியாவில் கிரிட்விகன் வேட்டை நிலையத்தை நிறுவினார். ஷாக்கிள்டன் பயணத்துக்கு முன் பனி நிலவரம் கேட்டறிந்தது இத்தீவின் வேட்டைக்காரர்களிடம்தான். படகுப் பயணத்துக்குப் பின் மலைகளைக் கடந்து வந்து கதவைத் தட்டியதும் இத்தீவின் ஸ்ட்ராம்னஸ் வேட்டை நிலையத்தில்தான். 1922இல் இறந்த அவருடைய கல்லறை கிரிட்விகனில் உள்ளது.

ஷாக்கிள்டனின் வீரக்கதையில் அந்நிலையம் புகலிடமாக வருகிறது. அங்கே அன்றாடம் நடந்த வேலை படங்களில் அதிகம் இடம்பெறுவதில்லை. 1904 முதல் 1965 வரை தெற்கு ஜார்ஜியாவில் 1,75,000க்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் வெட்டப்பட்டன. தென்துருவ நீலத் திமிங்கலங்களின் எண்ணிக்கை வேட்டைக்கு முன் இருந்ததில் நூற்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. வணிக வேட்டையை நிறுத்திவைக்கப் பன்னாட்டுத் திமிங்கல ஆணையம் 1982இல் முடிவு செய்தது. தெற்கு ஜார்ஜியாவைச் சுற்றி நீலத் திமிங்கலங்கள் மீண்டும் தென்படத் தொடங்கியிருப்பது அண்மைக் காலச் செய்தி.

திமிங்கலத்தின் உடலே சில வேளைகளில் ஆவணமாகிறது. 2007இல் அலாஸ்காவின் உள்ளூர் மக்கள் பிடித்த வில்தலைத் திமிங்கலம் ஒன்றின் உடலில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூ பெட்ஃபோர்டில் செய்யப்பட்ட வெடி ஈட்டியின் துண்டு கிடைத்தது. பழைய வேட்டைக்காரனிடமிருந்து தப்பி அது நூறாண்டுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. அவனுடைய பதிவேட்டில் அதற்கு ஒரு வால் முத்திரை மட்டும் கிடைத்திருக்கக்கூடும்.

ஓவியத் திட்டம் மேற்கொள்வோர் கவனிக்க வேண்டியவை

முதலில் இடத்தையும் காலத்தையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். துருவக் கரடி வடக்கே மட்டும் உண்டு. பெங்குவின்கள் வாழும் தென்துருவப் பனியில் கரடி இல்லை. இரண்டையும் ஒரே படத்தில் வரைவது பரவலாகக் காணப்படும் பிழை.

அடுத்து, உயிரினத்தின் உடற்கூறு. ஸ்பெர்ம் திமிங்கலத்தின் நீராவி மூச்சு இடப்புறமாக முன்னோக்கிச் சாய்ந்து எழும். வில்தலைத் திமிங்கலத்தின் மூச்சு இரு கிளையாகப் பிரியும். அதற்கு முதுகுத் துடுப்பும் இல்லை. மாலுமிகள் தொலைவிலிருந்தே இனத்தைக் கண்டறிந்தது இவ்வகை அடையாளங்களால்தான்.

மூன்றாவது, கருவிகள். கயிற்றுடன் எறியப்படும் ஈட்டி திமிங்கலத்தைப் படகோடு பிணைக்கவே பயன்பட்டது. கொல்வதற்கு வேறொரு நீண்ட ஈட்டி உண்டு. உடலில் புகுந்தபின் குறுக்கே திரும்பிக்கொள்ளும் ஈட்டிமுனையை 1848இல் நியூ பெட்ஃபோர்டில் செய்தவர், அடிமையாகப் பிறந்த கொல்லரான லூயிஸ் டெம்பிள். அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. பிறர் செய்து விற்றுப் பொருளீட்டினர். அம்முனையை வரைபவர் அவர் பெயரையும் அறிந்திருத்தல் நலம்.

நான்காவது, கண்முன் உள்ள பழைய படத்திடம் கேட்க வேண்டிய வினாக்கள். இதை வரைந்தவர் அங்கே இருந்தாரா? நிகழ்ச்சி நடந்த எத்தனை ஆண்டுக்குப் பின் வரைந்தார்? யார் வாங்குவதற்காக வரைந்தார்? அங்கே இருந்தும் படத்தில் இல்லாதவர் யார்? கடைசி வினாவுக்கான விடையிலிருந்தே புதிய ஓவியம் ஒன்று பிறக்கலாம்.

சான்றுகளைத் தேடத் துருவம்வரை செல்ல வேண்டியதில்லை. நியூ பெட்ஃபோர்ட், மிஸ்டிக் துறைமுக அருங்காட்சியகங்கள் தம் பதிவேடுகளையும் பயணத் தரவுகளையும் இணையத்தில் இலவசமாக வைத்துள்ளன. மிஸ்டிக்கில் 1841இல் கட்டப்பட்ட சார்லஸ் டபிள்யூ. மார்கன் என்ற வேட்டைக் கப்பலும் நிற்கிறது. அமெரிக்க மரத் திமிங்கலக் கப்பல்களில் எஞ்சியது இது ஒன்றே. பிராங்க்ளின் பயணத்தின் எச்சங்கள் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்திலும், வில்சனின் ஓவியங்கள் பல கேம்பிரிட்ஜ் ஸ்காட் துருவ ஆய்வு நிறுவனத்திலும் உள்ளன.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது பழமொழி. ராஸ் கண்ணால் கண்ட மலை பொய்யாயிற்று. இனுயிட் மக்கள் சொன்னதோ மெய்யாயிற்று. அதைத் தீர விசாரிக்கத்தான் இங்கிலாந்து மறந்தது. பனிக்கடலை வரையப் போகிறவர் தூரிகையைக் கையில் எடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை அந்த விசாரணையே.